காய்ச்சல் வராதவளுக்குப் போட்ட பத்தியம்

நைனா,

ஒரே வீட்டில் இருந்துகொண்டு உனக்குக் கடிதம் எழுதுகிறேன். நீ முன் அறையில் பாய் விரித்து, குழந்தையை மார்மேல் போட்டுக்கொண்டு மத்தியானத் தூக்கம் தூங்குகிறாய். எழுப்பி நேரில் சொல்லலாம். ஆனால் நேரில் பேசினால் எனக்குக் குரல் ஏறும், உனக்குச் சிரிப்பு வரும், பேச்சு வேறு எங்கேயோ போய்விடும். இருபத்தெட்டு வருஷமாக நமக்குள் அப்படித்தான். எழுத்தில் என்றால் நீ நடுவில் புகுந்து "இன்னாம்மா நீ" என்று சொல்ல முடியாது. செவ்வாய்க்கிழமை மேகலாவையும் குழந்தையையும் அழைத்துக்கொண்டு குஜராத்துக்கு ரயில் ஏறுகிறாய். கிரேன் ஓட்டுகிறவனுக்குத் துறைமுகத்தில் குடியிருப்பு கொடுத்திருக்கிறார்கள், சந்தோஷம். அதற்கு முன்னால், ஞாயிற்றுக்கிழமை, குழந்தைக்கு முதல் சோறு ஊட்டுகிறோம். அந்த ஞாயிற்றுக்கிழமைக்குள் இதை நீ படித்து முடித்திருக்க வேண்டும்.

நேற்று காலையில் நீங்கள் மூன்று பேரும் தேரடி மார்க்கெட்டுக்கு வந்தீர்கள். நான் உட்கார்ந்து மீன் விற்கும் பலகைக்கு எதிரே டீக்கடை. அங்கே நின்று உன் சிநேகிதர்களிடம், எனக்கும் கேட்கட்டும் என்றே, உரக்கச் சொன்னாய்: "போன வருசம் ஊரே பன்னிக் காய்ச்சல்ல பேஜாராயி கெடந்திச்சி. எங்கம்மா ஒண்டி ஆளா நின்னு என் பொண்டாட்டியயும் புள்ளயயும் காப்பாத்திச்சி." எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். நானும் தலையை நிமிர்த்தித்தான் வைத்திருந்தேன். மேகலா குழந்தையின் குல்லாவைச் சரிசெய்தாள். எனக்கு இரண்டு பலகை தள்ளி உட்கார்ந்திருந்த பின்வீட்டுத் தேசம்மா, கையிலிருந்த சங்கரா மீனின் செதிலைத் தேய்த்துக்கொண்டே இருந்தாள். அவள் தலையைத் தூக்கி ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும், உன் பேச்சு அங்கேயே உடைந்திருக்கும். அவளும் சொல்லவில்லை, உன் மனைவியும் சொல்லவில்லை. அந்த இரண்டு பேரும் வாயை மூடிக்கொண்டு எனக்குக் கொடுத்த பெருமையைக் கூடையில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். வந்த பிறகு ஒரு வாய் சோறு இறங்கவில்லை.

நீ சொன்னது நிஜமில்லை, நைனா. உன் மனைவியைக் காப்பாற்றியது நான் இல்லை. நான் அவளைப் பட்டினி போட்டேன். காப்பாற்றியது வேறு ஆள்.

இதை எங்கிருந்து தொடங்குவது என்று யோசித்தால் என் படிப்பிலிருந்துதான் தொடங்க வேண்டியிருக்கிறது. பள்ளிக்கூட வாசலை மிதிக்காதவள் நான் என்பது உனக்குத் தெரியும். பஸ்ஸின் போர்டையும், மீன் சுற்றிக் கொடுக்கிற பழைய பேப்பரையும் வைத்து நானே எழுத்துக் கூட்டினேன். உன் அப்பா இறந்த பிறகு, காசிமேட்டில் ஏலம் எடுத்துக்கொண்டு வந்து மார்க்கெட்டில் உட்கார்ந்தால், வியாபாரம் இல்லாத நேரத்தில் பேப்பர்தான் எனக்குத் துணை. மார்க்கெட்டில் மற்ற பெண்களுக்கு மனு, சீட்டு, மருந்துப் பெட்டியின் பெயர், எல்லாவற்றையும் படித்துச் சொன்னது நான்தான். அதனால் எனக்கு ஒரு கர்வம் வந்துவிட்டது. படித்தவர்களுக்கு வருகிற கர்வத்தைவிடத் தானாகப் படித்தவளுக்கு வருகிற கர்வம் பெரிது. அவர்களைத் திருத்த வாத்தியார் இருந்தார். என்னைத் திருத்த யாரும் இல்லை.

மேகலாவுக்கு மூன்று மாதம் ஆனபோது நீ அவளை என்னிடம் விட்டுவிட்டுப் போனாய். வேலை முக்கியம்தான். ஆனாலும் அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை, அதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். தாயில்லாத பெண். கொருக்குப்பேட்டையில் இருக்கும் அவள் அப்பா, மகன் வீட்டில் ஒரு மூலையில் கிடக்கிறவர். முதல் பிரசவத்துக்குப் போகத் தாய்வீடு இல்லாதவள் என்பதால் எல்லாப் பொறுப்பும் என்மேல் விழுந்தது. விழட்டும் என்றுதான் நானும் இருந்தேன்.

அவளுக்கு ஐந்தாம் மாதம் முடிகிற சமயத்தில் அந்தக் காய்ச்சல் வந்தது. தேசம் தேசமாகப் பரவுகிறது, இங்கேயும் வந்துவிட்டது, கர்ப்பிணிகளுக்கு மிகவும் ஆபத்து, கூட்டத்தில் போகக் கூடாது, கையைக் கழுவ வேண்டும் என்று பேப்பரில் போட்டிருந்தார்கள். மார்க்கெட்டில் உட்கார்ந்து எல்லோருக்கும் நான்தான் படித்துக் காட்டினேன். படித்துக்கொண்டிருக்கும்போதே ஒரு ஆள் வந்து காரப்பொடி மீன் கேட்டார். பக்கத்துப் பலகைக்காரி அந்தப் பேப்பரின் கீழ்ப்பாதியைக் கிழித்து மீனைச் சுற்றிக் கொடுத்துவிட்டாள். கர்ப்பிணிகள் நன்றாகச் சாப்பிட வேண்டும், இரும்பு மாத்திரையை நிறுத்தக் கூடாது என்று அந்தக் கீழ்ப்பாதியில்தான் போட்டிருந்தது என்று பின்னால் ஆஸ்பத்திரிச் சுவரில் அதே அறிவிப்பை முழுசாகப் படித்தபோது தெரிந்தது. அந்தக் காகிதம் யார் வீட்டுக்கு மீனோடு போனதோ. ஆனால் அதைக் காரணமாகச் சொல்லித் தப்பிக்க மாட்டேன். முழுசும் படித்திருந்தாலும் நான் அதைத்தான் செய்திருப்பேன்.

நம் பக்கத்தில் காய்ச்சல் வந்தால் என்ன செய்வார்கள் என்று உனக்குத் தெரியும். மீன் கிடையாது, முட்டை கிடையாது, எண்ணெய் கிடையாது. கஞ்சியும் பருப்புத் துவையலும்தான். பட்டினியே மருந்து என்பார்கள். நான் அதற்கும் ஒரு படி மேலே போனேன். காய்ச்சல் வந்த பிறகு பத்தியம் இருப்பதைவிட வருவதற்கு முன்னாலேயே பத்தியம் இருந்துவிட்டால், நுழைய இடம் இல்லாமல் அது திரும்பிப் போய்விடும் என்று கணக்குப் போட்டேன். வீட்டுக்குள் மீன் வருவதை நிறுத்தினேன். மீன்காரி வீட்டில் மீன் இல்லை. நான் காசிமேட்டுக் கூட்டத்தில் புழங்குகிறவள், அந்த மீனைத் தொட்டவர்கள் எத்தனை பேரோ என்று பயம். பன்றிக் காய்ச்சல் என்ற பெயரால் கறியையும் நிறுத்தினேன். "ஆட்டுக்கும் பன்னிக்கும் இன்னா அத்த சம்பந்தம்?" என்று மேகலா ஒரு நாள் மெதுவாகக் கேட்டாள். பேப்பர் படித்தது நானா நீயா என்று வாயை அடைத்தேன். முட்டை சூடு. தயிர் சளி. வாழைப்பழம் கபம். ஆஸ்பத்திரியில் கொடுத்த இரும்பு மாத்திரை உடம்பில் உஷ்ணத்தைக் கிளப்பும் என்று அரிசி டப்பாவுக்குள் போட்டு வைத்தேன். காலையில் வெறும் வயிற்றில் நிலவேம்புக் கசாயம், மத்தியானம் ரசம் சோறு, சாயங்காலம் கஞ்சி. இதுதான் வயிற்றில் பிள்ளையைச் சுமந்தவளுக்கு நான் போட்டது.

மாதா மாதம் ஆஸ்பத்திரிக்குப் போவதையும் நிறுத்தினேன், அங்கே காய்ச்சல்காரர்கள் வருவார்கள் என்று. ஏழாம் மாதம் செய்ய வேண்டிய வளைகாப்பையும் நிறுத்தினேன். அங்கன்வாடி டீச்சர் வாய்க்குக் கைக்குட்டை கட்டிக்கொண்டு சத்துமாவுப் பாக்கெட்டுடன் வந்தார். நாலு தெரு சுற்றுகிறவள் என் வாசல் ஏறாதே என்று வெளியிலேயே நிறுத்திப் பேசினேன். அவர் கோபப்படவில்லை, பாக்கெட்டைப் படியில் வைத்துவிட்டுப் போனார். பல கை பட்ட மாவு என்று அதை நான் எதிர்வீட்டுக் கோழிகளுக்கு இறைத்தேன். அந்த மழைக்காலத்தில் நம் தெருவிலேயே தெம்பாக இருந்தது அந்தக் கோழிகள்தான்.

நான் ஏன் இவ்வளவு பயந்தேன் என்பதையும் நீ தெரிந்துகொள்ள வேண்டும். உனக்கு முன்னால் எனக்கு ஒரு பெண் குழந்தை பிறந்து, பெயர் வைப்பதற்குள் போய்விட்டது என்று உனக்குச் சொல்லியிருக்கிறேன். மீதியைச் சொன்னதில்லை. எனக்கு ஆறாம் மாதத்தில் காய்ச்சல் வந்தது. மூன்று நாள் காய்ச்சல். அதற்கு முப்பது நாள் கஞ்சி ஊற்றினார்கள். எட்டாம் மாதத்திலேயே பிறந்த குழந்தை என் முழங்கை நீளம், அவ்வளவுதான். மூன்று நாள் இருந்தது. காய்ச்சல்தான் அதைக் கொண்டுபோனது என்று இத்தனை வருஷமும் நம்பினேன். அந்தக் காய்ச்சல் இன்னொரு முறை என் வீட்டு வாசலுக்கு வந்ததாக நினைத்துத்தான் கதவைச் சாத்தினேன். கஞ்சியைப் பற்றி நான் ஒரு நாளும் சந்தேகப்படவில்லை.

நீ ஞாயிற்றுக்கிழமை தோறும் போன் பண்ணுவாய். "சாப்ட்டியா மேகலா?" என்று கேட்பாய். நான் அவள் பக்கத்திலேயே நிற்பேன். "சாப்ட்டேங்க, அத்த நல்லா பாத்துக்கிறாங்க" என்பாள். ஒரு வாரமாவது அவள் என்னைக் காட்டிக்கொடுத்திருக்கலாம். அவள் மாமியாருக்குப் பயந்தாள் என்று நினைக்காதே. நான் பயந்திருந்தேன் என்பது அவளுக்குத் தெரிந்திருந்தது. முதல் குழந்தையின் கதையைத் தெருவில் யாரோ அவளுக்குச் சொல்லியிருக்கிறார்கள். என் பயத்துக்கு இடம் கொடுத்து அவள் கஞ்சி குடித்தாள். இப்படி ஒரு பெண்ணை நீ எங்கே தேடிப் பிடித்தாயோ, உனக்கு என் நன்றி.

இனி தேசம்மாவுக்கு வருகிறேன். அவளோடு எனக்குப் பன்னிரண்டு வருஷமாகப் பேச்சு இல்லை. நம் வீட்டுக்கும் அவள் வீட்டுக்கும் பின்பக்கச் சுவர் ஒன்று. மார்க்கெட்டில் பூவரச மரத்து நிழல் விழுகிற இடம் என்னுடையது. ஒரு புயல் மழைக்குப் பிறகு நான் நாலு நாள் வராமல் இருந்தபோது அவள் தன் பலகையை அங்கே போட்டுவிட்டாள். அது தப்பு. இன்றைக்குக் கேட்டாலும் தப்பு என்றுதான் சொல்லுவேன். அந்தச் சண்டையில்தான் கொத்தனாரைக் கூப்பிட்டுப் பின்சுவரின் மேல் இரண்டு வரிசை சிமெண்டுக் கல் ஏற்றினேன், அவள் முகம் என் கண்ணில் படக் கூடாது என்று. ஆனால் நீ பிறந்தபோது எனக்குப் பால் சுரக்க வேண்டும் என்று நாள் தவறாமல் பால்சுறாப் புட்டு செய்து கொண்டுவந்தவளும் அவள்தான். நிழலை நினைவு வைத்துக்கொண்டேன், புட்டை மறந்துவிட்டேன். நான் எப்படிப்பட்டவள் என்று நீ இதிலிருந்து தெரிந்துகொள்ளலாம்.

ஏழாம் மாதம் நடந்துகொண்டிருந்தது. ஒரு சாயங்காலம் மேகலா எனக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். அவள் கையில் மீன் வாசனை அடித்தது. சோப்பு போட்டுக் கழுவியிருந்தாள். ஆனால் இருபது வருஷத்துக்கு மேல் மீன் விற்ற மூக்கு இது. நெத்திலி, அதுவும் பொரித்தது. மறுநாள் கவளை மீன். அதற்கு மறுநாள் வாசனை இல்லை, கையில் இரண்டு கண்ணாடி வளையல் இருந்தது. அப்பா வாங்கிக் கொடுத்ததா என்று கேட்டேன். கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

அடுத்த நாள் பாதி வியாபாரத்தில் கூடையைப் பக்கத்தில் ஒப்படைத்துவிட்டு வீட்டுக்கு வந்தேன். வீடு காலி. பின்பக்கம் போனேன். மேகலா துணி துவைக்கிற கல்லின் மேல் ஏறி, நுனிக்காலில் நின்றுகொண்டிருந்தாள். ஒரு கை சுவரைப் பிடித்திருந்தது, இன்னொரு கை தலைக்கு மேலே நீண்டிருந்தது. சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு தூக்குச்சட்டி இறங்கி வந்துகொண்டிருந்தது. நான் ஏற்றிய இரண்டு வரிசைக் கல் இல்லாமல் இருந்திருந்தால் அவள் தரையில் நின்றே வாங்கியிருப்பாள். ஈரம் காயாத கல் அது. ஏழு மாத வயிறு.

நான் போட்ட சத்தத்தில் அவள் திரும்பினாள். திரும்பியவளுக்குக் கண் இருட்டியது, முழங்கால் மடங்கியது. தூக்கு கீழே விழுந்து குழம்பு சிதறியது. ஆனால் அவள் விழவில்லை. சுவருக்கு மேலே இரண்டு கை வந்து அவள் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்திருந்தது. பன்னிரண்டு வருஷத்துக்குப் பிறகு தேசம்மா என்னோடு பேசினாள்.

"சண்டய அப்பால வெச்சிக்கலாம். மொதல்ல பொண்ண புடி."

நான் ஓடிப்போய் இடுப்பைப் பிடித்தேன். மேலே அவள், கீழே நான். இருவருமாக மேகலாவை மெல்லக் கல்லிலிருந்து இறக்கினோம். சுவரில் சாய்த்து உட்காரவைத்தேன். அப்போதும் என் வாய் சும்மா இருக்கவில்லை. எத்தனை நாளாக நடக்கிறது இது, மாமியார் வீட்டுச் சோறு கேவலமாகப் போய்விட்டதா என்று கேட்டேன். மேகலா அழவில்லை. சிதறிக் கிடந்த மீனையே பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"பசிக்குது அத்த."

அவ்வளவுதான். வேறு ஒரு குறையும் சொல்லவில்லை. நைனா, நீ சின்னப் பையனாக இருந்தபோது, உன் அப்பா போன புதிதில், இந்த வார்த்தையை என்னிடம் எத்தனை முறை சொல்லியிருக்கிறாய். ஒரு முறையாவது உனக்குக் கொடுக்காமல் நான் உட்கார்ந்தது உண்டா? வேறு ஒருத்தி பெற்ற பெண் என் வீட்டில் ஒன்றரை மாதம் பசியோடு இருந்திருக்கிறாள். வீட்டில் அரிசி இருந்தது, கூடையில் மீன் இருந்தது.

ஆட்டோ பிடித்தேன். தேசம்மா தெருவைச் சுற்றிக்கொண்டு ஓடிவந்து, யாரும் கூப்பிடாமலேயே அதில் ஏறி உட்கார்ந்தாள். ஆஸ்பத்திரியில் நர்ஸம்மா மேகலாவின் கீழ் இமையை இழுத்துப் பார்த்தார். உள்ளே சோழி மாதிரி வெளுப்பு. விரலில் ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு டாக்டரம்மாவைக் கூப்பிட்டார்கள். காய்ச்சல் இருந்ததா என்று கேட்டார்கள். இல்லை என்றேன். என்ன சாப்பாடு என்று கேட்டார்கள். சொன்னேன். "காய்ச்சலே இல்லாத பொண்ணுக்கு இன்னாத்துக்கும்மா கஞ்சி?" என்று நர்ஸம்மா கேட்டார். டாக்டரம்மா கத்தவில்லை, அதுதான் அதிகமாகச் சுட்டது. கூட்டத்துக்கு அனுப்பாமல் வைத்திருந்தது சரி என்றார். ஆனால் இந்த உடம்போடு அந்தக் காய்ச்சல் வந்திருந்தால் தாயும் தாங்கியிருக்க மாட்டாள், பிள்ளையும் தாங்கியிருக்காது, எதிர்த்து நிற்க உடம்பில் ஒன்றுமே விட்டுவைக்கவில்லையே என்றார். வீட்டில் யார் சமைக்கிறது என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் தேசம்மா முந்திக்கொண்டாள்.

"நாங்கதாம்மா. ரெண்டு பேரும்."

அந்தப் பாவத்தில் பாதியை அவள் எடுத்துக்கொண்டாள். இத்தனை நாளாக மத்தியானம் மத்தியானம் வியாபாரத்தை விட்டு வந்து மீனும் சோறும் சுவர் ஏற்றி அனுப்பியவள், வளைகாப்பு இல்லாமல் போன பெண்ணுக்குக் கண்ணாடி வளையல் வாங்கிப் போட்டவள், என்னோடு சேர்ந்து திட்டு வாங்கிக்கொண்டு நின்றாள். நடுவில் வேறு ஏதாவது சாப்பிட்டாயா என்று டாக்டரம்மா மேகலாவைத் தனியாகக் கேட்டபோதுதான் அந்தத் தூக்கு விஷயம் வெளியே வந்தது. அதுதான் உன்னை இதுவரை நிறுத்தி வைத்திருக்கிறது என்று அவர் சொன்னாராம். வெளியே பெஞ்சியில் உட்கார்ந்திருந்தபோது என் முதல் குழந்தையை நினைத்தேன். மூன்று நாள் காய்ச்சல், முப்பது நாள் கஞ்சி. அப்போது என் வீட்டுப் பின்சுவருக்கு அந்தப் பக்கம் யாரும் இல்லை. தேசம்மா அதற்கப்புறம்தான் இந்தக் குப்பத்துக்கு வாழ வந்தாள்.

மறுநாள் காலையில் சுத்தியலை எடுத்துக்கொண்டு பின்சுவரில் ஏறினேன். இரண்டு வரிசைக் கல்லையும் நானே இடித்தேன். கொத்தனாரைக் கூப்பிடவில்லை, ஏற்றச் சொன்னது நான், இறக்குவதும் நானாக இருக்கட்டும் என்று. அந்தப் பக்கத்திலிருந்து தேசம்மா மேகலாவைப் பார்த்துப் பேசுகிற மாதிரி சொன்னாள்: "தூசி பறக்குதுனு சொல்லும்மா. சோறு தொறந்து வெச்சிகினு கீறேன்." நானும் மேகலாவைப் பார்த்தே சொன்னேன், மூடி வைக்கச் சொல் என்று. அன்றிலிருந்து நேற்று வரை எங்கள் பேச்சு இப்படித்தான். மார்பளவு சுவருக்கு இரண்டு பக்கமும் நின்றுகொண்டு, நடுவில் மேகலாவை வைத்துக்கொண்டு பேசினோம். மேகலா வீட்டில் இல்லாதபோது கொடிக்கயிற்றைப் பார்த்துப் பேசினோம். என் பிடிவாதம் உனக்குத் தெரியும். அவளுடையது என்னுடையதைவிடக் கொஞ்சமும் குறைந்ததில்லை.

அதற்குப் பிறகு பிரசவம் வரைக்கும் நான் சமைத்ததை நீ பார்த்திருக்க வேண்டும். காலையில் கேழ்வரகுக் கூழும் வேகவைத்த முட்டையும். பதினோரு மணிக்கு வேர்க்கடலை உருண்டை. மத்தியானம் நெத்திலி, முருங்கைக் கீரை. வாரத்தில் இரண்டு நாள் ரத்தம் ஊற ஆட்டின் மண்ணீரல், அந்தச் சுவரொட்டியைக் கறிக்கடைக்காரர் எடுத்து வைப்பார். டாக்டரம்மா ஊசி எழுதிக் கொடுத்தார், மாத்திரையை நான் கண்ணெதிரே விழுங்க வைத்தேன். அங்கன்வாடி டீச்சர் வீட்டுக்குப் போய், மாவு இருக்கிறதா என்று கேட்டேன். "கோழிக்கா, பொண்ணுக்கா?" என்று அவர் கேட்டார். தெரு முழுக்கத் தெரிந்திருக்கிறது. பெண்ணுக்குத்தான் என்று சொல்லி வாங்கி வந்து, நெய்யில் உருண்டை பிடித்தேன். அந்த வீட்டு வாசலில் தலை குனிந்து நின்றது எனக்கு எளிதாக இல்லை. ஆனாலும் அந்த அம்மா பாக்கெட்டை இரண்டாகக் கொடுத்தார்.

குழந்தை இரண்டே கால் கிலோவில் பிறந்தது. எடை குறைவு என்று கண்ணாடிப் பெட்டியில் நாலு நாள் வைத்தார்கள். உனக்கு போனில் சொன்னபோது சும்மா பார்க்கத்தான் வைத்திருக்கிறார்கள் என்றேன். அந்த நாலு நாளும் நான் கண்ணாடிக்கு வெளியே நின்ற நிலை எனக்குத்தான் தெரியும். இன்றைக்கு உன் மார்மேல் படுத்து எச்சில் வடிக்கிறாளே, அந்த உடம்பில் ஒட்டியிருக்கிற சதையில் தேசம்மாவின் நெத்திலி இருக்கிறது. அதை நீ தெரிந்துகொள்ளாமல் அவளை இந்த ஊரிலிருந்து தூக்கிக்கொண்டு போகக் கூடாது.

உனக்குப் புத்தி சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை என்று நீ நினைக்கலாம். எனக்குத்தான் இருக்கிறது, தப்பு செய்து பார்த்தவள் நான். அடுத்த பிள்ளை வரும்போது நான் பக்கத்தில் இருக்க மாட்டேன். அந்த ஊரில் புதிய காய்ச்சல் ஒன்று வரலாம். காய்ச்சல் என்பது ஊருக்கு வந்துபோகிற விருந்தாளிதான், பெயரை மாற்றிக்கொண்டு வரும். அப்போது கூட்டத்தில் சேர்க்காதே, கையைக் கழுவச் சொல், அதிலிருந்து நான் இன்றைக்கும் இறங்கி வர மாட்டேன். ஆனால் பயம் உன்னுடையது என்றால் பட்டினியை நீ இரு, அவளை இருக்க விடாதே. அங்கே மீன் கிடைக்காவிட்டால் முட்டை, முட்டை ஆகாது என்று பக்கத்து வீட்டில் முகம் சுளித்தால் பயறும் கடலையும் கீரையும். போனில் "சாப்ட்டியா" என்று கேட்காதே. என்ன சாப்பிட்டாய் என்று கேள். சாப்பிட்டேன் என்பதற்கு ஒரு சொல் போதும், என்ன என்பதற்குப் பொய் சொல்ல மேகலாவுக்கு வராது. உனக்குப் பரிமாறிவிட்டு, மிச்சம் இருப்பதைச் சட்டியோடு வழித்துச் சாப்பிடுவது நம் வீட்டுப் பெண்களின் வழக்கம். நானும் அப்படித்தான் இருந்தேன், அதை ஒரு பெருமையாகவும் நினைத்தேன். அதில் பெருமை ஒன்றும் இல்லை.

இன்று காலையில் நீ கடைக்குப் போயிருந்தபோது நான் பின்பக்கம் போனேன். மேகலா குழந்தையைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தாள். கொடிக்கயிற்றில் துணியும் இல்லை. தேசம்மா மண்சட்டியைக் கழுவிக் கவிழ்த்துக்கொண்டிருந்தாள். பார்த்துப் பேச வேறு எதுவும் இல்லாததால் அவளையே பார்த்துப் பேச வேண்டியதாயிற்று.

"தேசம்மா. ஞாயித்துக்கெழம புள்ளைக்குச் சோறு ஊட்றோம். மொத வாய் நீ ஊட்டணும்."

அப்பாவைப் பெற்றவள் ஊட்ட வேண்டிய முதல் வாய் அது. அவளுக்கும் தெரியும். சட்டியைக் கீழே வைத்தாள். முந்தானையில் கையைத் துடைத்தாள். என்னை ஏற இறங்கப் பார்த்தாள், பன்னிரண்டு வருஷத்துக்கும் சேர்த்துப் பார்க்கிற மாதிரி.

"உப்பு போட்டு ஆக்குவியா, இல்ல அதுவும் பத்தியந்தானா?"

"போடுவேன்" என்றேன்.

"அப்ப வரேன்" என்றாள்.

மன்னிப்புக் கேட்கிற பழக்கம் எனக்கு இல்லை, நைனா. அவளுக்கும் அது தேவைப்படவில்லை என்று நினைக்கிறேன். டீக்கடையில் நீ சொன்னதை நீ திருத்த வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் வந்து உட்கார்ந்த பிறகு நானே எழுந்து சொல்லுவேன், மார்க்கெட்டில் பேப்பர் படித்த அதே குரலில். நீ இரண்டு காரியம் செய்தால் போதும். தேசம்மா குழந்தைக்கு ஊட்டும்போது எழுந்து நில். பிறகு பந்தி போடும்போது, குழந்தை பெற்றவள் கடைசியில் சாப்பிடுவாள் என்று யார் சொன்னாலும் கேட்காதே. முதல் இலை மேகலாவுக்கு, பக்கத்து இலை தேசம்மாவுக்கு. சோறும் மீனும் நான் போடுகிறேன். நீ தண்ணீர் வை.

அம்மா